கரையில் கிடைத்த கட்டையை மீன் தொட்டியில் வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் நடந்தால், வளைந்து நெளிந்த கட்டைகள் மணலில் கிடக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கும் டிரிஃப்ட்வுட்டைவிட இது அழகாகவே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் அவித்தால் போதாதா என்று கை பரபரக்கும்.

போதாது. கொதிநீர் நத்தை முட்டையையும் பூச்சியையும் பெரும்பாலான கிருமிகளையும் கொல்லும். மரத்துக்குள் ஊறிப்போன எண்ணெயையும் பெயிண்டையும் மரப் பதனிடு மருந்தையும் அது எடுத்துவிடாது. மீன் செத்து மிதக்கும்போது பலரும் "சரியாக அவிக்கவில்லையோ" என்றுதான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கட்டையைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே நடந்திருக்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று. புக்கிட் தீமா, சுங்கை பூலோ போன்ற இயற்கை வனப்பகுதிகளிலிருந்து விழுந்து கிடக்கும் குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்படி 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. கடற்கரைப் பூங்காக்களையும் தேசியப் பூங்காக் கழகம்தான் பராமரிக்கிறது. அங்கும் கேட்டுவிட்டு எடுப்பதே சரி. நண்பர் வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய கொய்யாக் கிளை கிடைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கொய்யா கெட்டியான மரம், தண்ணீரில் நாள்பட நிற்கும். ஆனால் நன்றாகக் காய வேண்டும். பச்சை மரத்தில் உள்ள சாறும் சர்க்கரையும் தண்ணீரில் இறங்கினால் பாக்டீரியா பெருகித் தொட்டி பால்போலக் கலங்கும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். நம் ஈரக்காற்றில் மணிக்கட்டுப் பருமன் கிளை காய்வதற்கே பல மாதங்கள் பிடிக்கும்.

எந்தக் கட்டையைத் தொடவே கூடாது

ரம்பம் பட்ட நேரான விளிம்பு, ஆணித் துளை, பெயிண்ட் சுவடு: இதில் ஒன்று தெரிந்தாலும் கீழே போட்டுவிடுங்கள். அது மரமாகக் கடலுக்கு வந்ததல்ல. படகு, கட்டுமானப் பலகை, சரக்குப் பலகை இவற்றின் துண்டு. படகின் அடிப்பாகத்தில் பாசி, சிப்பி ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடிப்பார்கள். கட்டுமான மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். புதிதில் அது லேசான பச்சையாகத் தெரியும், வெயிலில் கிடந்து சாம்பல் நிறமானபின் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மீன் தாங்கும் அளவு செம்புகூட இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

அடுத்தது எண்ணெய். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் நிரப்பும் கப்பல்மீது மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடோர், ஈஸ்ட் கோஸ்ட் கரைகளெல்லாம் கறுத்தன. கரையைச் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் கட்டை எங்கே எவ்வளவு காலம் மிதந்தது என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. சோதனை எளிது: வெள்ளை வாளியில் கட்டையை வைத்துச் சூடான நீரை ஊற்றுங்கள். டீசல் வாடை வந்தால் கதை முடிந்தது. மேலே வானவில் படலம் தெரிந்தால் குச்சியால் குத்திப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது பாக்டீரியாப் படலம். உடைந்தது மறுபடியும் ஒன்றுகூடினால் எண்ணெய். எண்ணெய்க் கட்டையைக் காப்பாற்ற வழி இல்லை.

மரத்தின் இனமும் முக்கியம். சதுப்புநிலக் காடுகளில் வளரும் தில்லை மரம், சிதம்பரத்தின் தல மரமான அதே தில்லைதான், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சாலையோரம் நிழலுக்கு நிற்கும் பொங்பொங் மரத்தின் விதையில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. அரளியும் அப்படித்தான். உடைத்தால் பால் வடியும் எந்த மரமும் தொட்டிக்கு வேண்டாம். என்ன மரம் என்று தெரியாவிட்டாலும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு ஸ்குரூடிரைவரால் நாலு இடத்தில் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் மரம் மக்கத் தொடங்கிவிட்டது. அது தண்ணீரில் கரைந்து ஆக்சிஜனைத் தின்னும். பென்சில் பருமனில் வட்ட வட்டமாகத் துளைகள் இருந்தால் கப்பல்புழு குடைந்த மரம். உள்ளே செத்த புழு அழுகி அம்மோனியா ஏறும்.

கழுவுவதில் நடக்கும் தவறுகள்

சோப்பு வேண்டாம். மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கக்கும். பட்டையை முழுவதும் உரித்துவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒட்டியிருக்கும் சிப்பி ஓடுகளைச் சுரண்டி எடுங்கள், விட்டால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும்.

அவிப்பதற்குச் சமையலில் இல்லாத பழைய அண்டா ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். பிரஷர் குக்கர் கூடாது. நார் பிரிந்து ஆவித் துளையை அடைத்துக்கொள்ளும். மணிக்கட்டுப் பருமன் கட்டையைத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் தேயிலைச் சாயம்போல ஆனதும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடியும் வையுங்கள். நீளமான கட்டையின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதியில் திருப்பிப் போட வேண்டும். ஓவனில் வைத்துச் சுடுவது தீ விபத்துக்கு அழைப்பு.

அண்டாவில் அடங்காத கட்டைக்கு மட்டும் பிளீச். வாசனை சேர்க்காத சாதாரண பிளீச், 20 பங்கு நீருக்கு ஒரு பங்கு, பத்துப் பதினைந்து நிமிடம். அதன்பின் நன்றாகக் கழுவி, 'குளோரின் நீக்கி' என்ற மீன் தொட்டி மருந்து கலந்த நீரில் வாடை முழுவதும் போகும்வரை ஊற விடுங்கள். பிளீச்சோடு வினிகர் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், குளியலறைக்குள் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

ஊற வைப்பது: உப்பும் கொசுவும்

கடலில் கிடந்த கட்டையில் உப்பு நடுமரம் வரை ஏறியிருக்கும். தடித்த கட்டைக்கு இரண்டு முதல் நான்கு வாரம், சிலவற்றுக்கு இன்னும் கூட. நாளை எண்ணுவதைவிட, நீரில் கரைந்திருக்கும் உப்பு போன்றவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்புங்கள். முதலில் குழாய்நீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டை 48 மணி நேரம் ஊறிய நீரை அளங்கள். எண் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் உப்பு இன்னும் இறங்குகிறது. மூன்று முறை தண்ணீர் மாற்றியும் உயர்வு சொற்பமாக, ஒரே அளவில் நின்றால் போதும். மிச்சமிருப்பது பெரும்பாலும் மரத்தின் சாயம்.

இங்கேதான் சிங்கப்பூர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வாரக்கணக்கில் திறந்து கிடக்கும் வாளி, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ வார்டு. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வாளியில் கொசுப்புழுவைப் பார்த்தால் முதல் முறைக்கே 200 வெள்ளி அபராதம். மூடி இறுக்கமாகப் பொருந்தும் தொட்டியில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டும்போது பக்கச் சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாளியைப் பொது நடைபாதையில் வைப்பதும் வம்புதான். காயப்போட்ட கட்டையின் பொந்தில் மழைநீர் தேங்குவதை மறந்துவிடுகிறோம், அதையும் கவிழ்த்துவையுங்கள்.

நம் குழாய்நீரில் குளோரின் தனியாக இல்லை, அம்மோனியாவோடு சேர்ந்த குளோராமினாக இருக்கிறது. வாளியை ஒரு நாள் வெறுமனே வைத்தால் அது பறந்துவிடாது. கடைசி ஊறலிலாவது குளோரின் நீக்கி சேருங்கள்.

தொட்டிக்குள் போனபின்

தண்ணீர் பழுப்பாவது கெடுதல் அல்ல. நீ சூன் சதுப்புக் காட்டு ஓடைகளின் நிறமே அதுதான், பெட்டா போன்ற மீன்களுக்கு அது பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஃபில்டரில் சாயத்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் (கரி) போடுங்கள். ஓரிரு வாரத்தில் கட்டைமேல் வெள்ளையாக வழவழப்புப் படியும். அதைக் கண்டு பதறிக் கட்டையைத் தூக்கி எறிபவர்கள் பலர். அது மரத்திலிருந்து கசியும் சத்தைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும். இறாலும் நத்தையும் மேய்ந்தே தீர்த்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் உடனே வெளியே எடுங்கள், மரத்தின் உள்ளே மக்கிக்கொண்டிருக்கிறது.

மிதக்கும் கட்டையை அமிழ்த்த ஈயக் குண்டும் துத்தநாகப் பூச்சு ஆணியும் கூடாது. ஸ்லேட் கல் பலகையில் துருப்பிடிக்காத எஃகுத் திருகால் முடுக்கிவிடுங்கள். சிலர் திருகுக்குச் சோம்பல்பட்டு, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே கட்டையை நெருக்கிச் செருகிவிடுவார்கள். ஊறிய மரம் வீங்கும், கண்ணாடி விரிசல் விடும். நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.