இன்சூரன்ஸ் டெக்கில் கால் வைக்கும் வடசென்னைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ என்ஜினீயரிங் முடித்த ஒரு பையனிடம் "இன்சூரன்ஸ் டெக் (இன்சூரன்ஸ் வேலைகளுக்கான தொழில்நுட்பம்) பக்கம் போய்ப் பாரேன்" என்று சொன்னால், பாலிசி விற்கிற ஆப்தான் அவனுக்கு ஞாபகம் வரும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. விலையை ஒப்பிட்டுக் காட்டி பாலிசி விற்க ஏற்கெனவே பெரிய கம்பெனிகள் விளம்பரத்தில் கோடிகளைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே போய் நின்றால் மூச்சு முட்டும். தொழில்நுட்பத்துக்கு உண்மையான வேலை இருப்பது கிளெய்மில், அதாவது இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பத்தில்தான். ஆஸ்பத்திரி பில்லைப் பிரித்துப் படிப்பது, மோதிய வண்டியின் போட்டோவைப் பார்த்து எதை டிங்கரிங் செய்தால் போதும், எதை மாற்றியே ஆகவேண்டும் என்று மதிப்பிடுவது, ஒரே பில்லை இரண்டு கம்பெனியில் போட்டவரைக் கண்டுபிடிப்பது, இப்படி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி) கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் தரவேண்டும், டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2024 மே மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஆக, இந்த மூன்று மணி நேரத்தைச் சுருக்கித் தருபவருக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த நேரம் எங்கே போகிறது என்று டி.எச். ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் அக்காவைக் கேளுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போடுவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். பார்மசியிலிருந்து கடைசி பில் வரவேண்டும். திருப்பிக் கொடுத்த மருந்துகளைக் கழிக்க வேண்டும். அதற்குள் கம்பெனிக்காகக் கிளெய்ம்களைப் பார்க்கும் டிபிஏ நிறுவனத்திலிருந்து "ரூம் வாடகையைத் தனியாகப் பிரித்து அனுப்பவும்" என்று ஒரு கேள்வி வரும். இதில் எந்த இடத்தில் மென்பொருளால் உதவ முடியும், எந்த இடத்தில் முடியாது என்பது அவருக்குத்தான் தெரியும். ஸ்டார்ட்அப்காரர்கள் அவரிடம் பேசாமலே டேஷ்போர்டு செய்கிறார்கள்.

கேஷ்பேக் கொடுக்கும் ஆசை

சாப்பாடு டெலிவரி, ஷாப்பிங் ஆப்களில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் செய்யும் தவறு இது. "முதல் பாலிசிக்கு 200 ரூபாய் கேஷ்பேக்" என்று ஒரு பட்டனை வைத்துவிடுவார்கள். 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. பாலிசி எடுக்கவைக்க, கமிஷனில் ஒரு பங்கையோ பிரீமியத்தில் தள்ளுபடியையோ தனியாகத் தரக்கூடாது. பாலிசிக் காகிதத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. அதேபோல லைசென்ஸ் இல்லாமல் "நண்பரை அறிமுகப்படுத்தினால் கமிஷன்" என்று திட்டம் போடுவதும் வம்பு. விதிகளுக்குள் அடங்காத புது யோசனை இருந்தால், அதைச் சின்ன அளவில் சோதித்துப் பார்க்க 2019-இலிருந்தே ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம்.

மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துத் திட்டம் போடுவது

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்தத் தவறில்தான். "ஏழைக்கும் எட்டும் பிரீமியம், மாதம் 99 ரூபாய், ஆட்டோ டெபிட்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. காசிமேட்டுக்கு வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. போகாவிட்டால் படகில் ஏறுபவருக்குப் பங்கு இல்லை. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலம் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்கள் என்று பின்னாலேயே எல்லோர் வருமானமும் படுத்துவிடும். மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான். மே மாதத் தவணை தவறினால், படகு மறுபடி இறங்கும் நாளில் பாலிசி செத்துப்போயிருக்கும்.

அரசின் திட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவின் வருடம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. பேங்க் கணக்கிலிருந்து அந்த 20 ரூபாயை மே கடைசியில் எடுப்பார்கள். தடைக்காலத்தின் நட்டநடுவில், கணக்கில் காசே இல்லாத சமயம் அது. 20 ரூபாய் இல்லாமல் 2 லட்சம் காப்பீடு போய்விடும்.

இதைச் சரிசெய்ய ஏஐ எதுவும் வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் வரவு நன்றாக இருக்கும்போதே சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும், மே 20 வாக்கில் "கணக்கில் 20 ரூபாய் இருக்கட்டும்" என்று தமிழில் ஒரு குரல் செய்தியும் போதும். ஆனால் அதற்குத் தடைக்காலம் என்று ஒன்று இருப்பது தெரிந்த ஆள் டீமில் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் திறமை என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயத்தைத்தான்.

பெயரும் கதவு எண்ணும்

ஆதாரில் "முருகன் கே". ஆர்சி புக்கில் "கே. முருகன்". பேங்க் பாஸ்புக்கில் "முருகன் கன்னியப்பன்". மூன்றும் ஒரே ஆள். வேறெங்கோ எழுதிய மென்பொருளில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் நகராது. ஒற்றை எழுத்துப் போட்டால் ஏற்காது. ஏஜென்ட் என்ன செய்வார்? "முருகன் முருகன்" என்று அடித்துவிட்டுப் போவார். இரண்டு வருடம் கழித்து கிளெய்ம் வரும்போது "பெயர் பொருந்தவில்லை" என்று ஃபைல் நிற்கும். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் அலைந்த குடும்பம் இப்போது அஃபிடவிட் வாங்க நோட்டரியைத் தேடி பாரிமுனைக்கு அலையும்.

முகவரியும் அப்படித்தான். பழைய எண் 14, புதிய எண் 27, பின்பக்கம், முதல் மாடி. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? பின்கோடை வைத்து வெள்ள அபாயத்தைக் கணக்கிடும் மாடல்களையும் நம்பிவிட வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு மூழ்கும் என்று வியாசர்பாடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே 600039-இல் பொட்டுத் தண்ணீர் நிற்காத தெருவும் இருக்கிறது. இரண்டு தெருக்காரருக்கும் ஒரே பிரீமியம் போட்டால் யாரோ ஒருவர் ஏமாறுகிறார்.

வெள்ளம் என்றதும் இன்னொன்று. மழை இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வராமலே பணம் தரும் பாராமெட்ரிக் பாலிசி இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் இருக்கும் மழைமானியில் அந்த எண்ணெய் பதிவாகுமா? எதை அளக்கிறோம், எதில் நஷ்டம் வருகிறது என்ற இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் இந்த வகை பாலிசியின் பெரிய ஓட்டை. அதை அடைக்காமல் விற்றால் ஒரே மழையில் பெயர் கெட்டுவிடும்.

வண்டி விஷயத்தில் எளிமையான ஒரு வேலை யாரும் செய்யாமல் கிடக்கிறது. தண்ணீரில் நின்ற காரையோ பைக்கையோ ஸ்டார்ட் செய்தால் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டுவிடும். என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் (கூடுதலாகச் சேர்க்கும் காப்பு) இல்லாத பாலிசியில் அந்தச் செலவைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். மழை எச்சரிக்கை வந்ததும் "சாவியைத் திருகாதீர்கள், போட்டோ எடுத்து அனுப்புங்கள், வண்டியை இழுத்துப் போக ஆள் வருவார்" என்று அனுப்பினால் கம்பெனிக்கும் மிச்சம், வண்டிக்காரருக்கும் மிச்சம்.

பக்கத்தில் இருக்கும் துறைமுகத்தை மறப்பது

ஹெல்த், பைக், டேர்ம் பாலிசி, இவ்வளவுதான் இன்சூரன்ஸ் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் மணலி தொழிற்சாலைகளும் நம் எல்லைக்குள் இருக்கின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் ஒவ்வொரு கண்டெய்னர் லாரிக்கும் ஒரு பாலிசி, உள்ளே இருக்கும் சரக்குக்குத் தனியாக மரைன் பாலிசி. ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிரீமியம் கணக்கிடும் ஆட்-ஆன்களை 2022 ஜூலையிலேயே ஐஆர்டிஏஐ அனுமதித்துவிட்டது. லாரி உரிமையாளர், கிளியரிங் ஏஜென்ட், மரைன் சர்வேயர் என்று விவரம் தெரிந்தவர்கள் தண்டையார்பேட்டையிலேயே கிடைப்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பேசுவார்கள்.

சர்டிஃபிகேட்டைத் துரத்துவது

"இன்சூரன்ஸ் ஏஐ நிபுணர், வேலை உறுதி" என்று சொல்லி பெருந்தொகை கேட்கும் கோர்ஸ்களில் பணத்தைப் போடாதீர்கள். ஓஎம்ஆரில் இருக்கும் ஐடி கம்பெனிகள் வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக கைடுவயர், டக் கிரீக் போன்ற மென்பொருள்களில் ஆள் எடுப்பது உண்மை. ஆனால் உள்ளே எடுத்தபிறகு அவர்களே கற்றுத்தருவதும் உண்டு. டிடக்டிபிள் (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) என்றால் என்ன, என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் திருத்தம்) எதற்குப் போடுவார்கள் என்று தெரிந்து போகிறவரை இன்டர்வியூவில் தனியாகக் கவனிப்பார்கள்.

அதைக் கற்கச் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்திருந்தாலே, எளிய பாலிசிகளை விற்கும் பிஓஎஸ்பி ஆகலாம். 15 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, அவ்வளவுதான். கோடு எழுதுபவரும் இதை முடித்து, சொந்தக்காரர்களின் வண்டிக்கு நாலு பாலிசி போட்டுப் பார்ப்பது நல்லது. மும்பையில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் லைசென்ஷியேட் என்ற தொடக்கநிலைத் தேர்வை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். கணக்கு நன்றாக வருமென்றால், அபாயத்தை அளந்து பிரீமியம் கணக்கிடும் ஆக்சுவரி ஆக முயற்சி செய்யலாம். பிளஸ் டூ முடித்தபிறகு அதற்கான ஏசிஇடி நுழைவுத் தேர்வு எழுதலாம். முடிக்க வருடங்கள் ஆகும், பாதியில் விடுபவர்கள் நிறைய. ஆனால் முதல் சில பேப்பர்களை முடித்தாலே வேலை கிடைக்க வழி உண்டு. பி.காம், பிஎஸ்சி புள்ளியியல் படித்தவர்கள் "டெக் நமக்கில்லை" என்று ஒதுங்குவதுதான் எனக்குப் புரியவில்லை. பிரீமியம் கணக்கிடும் மேஜையில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

கம்பெனிகள் பக்கமும் தவறு இருக்கிறது. குறிப்பிட்ட சில காலேஜ்களுக்கு மட்டும் போய் ஆள் எடுத்துவிட்டு "டொமைன் (இந்தத் துறை) தெரிந்த ஆள் கிடைக்கவில்லை" என்று புலம்புகிறார்கள். பத்து வருடமாக டிபிஏ ஃபைல் பார்த்த பெண்ணுக்கு எக்செலும், தரவைத் தேடி எடுக்கும் எஸ்க்யூஎல் கொஞ்சமும் சொல்லிக்கொடுக்கச் சில மாதங்கள் போதும். கோடு மட்டும் தெரிந்தவருக்குக் கிளெய்ம் சொல்லிக்கொடுக்க அதைவிட நாள் பிடிக்கும்.

இன்டர்வியூவுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ முடிந்துபோன ஒரு கிளெய்ம் ஃபைலைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். எந்தத் தேதியில் என்ன கேட்டார்கள், எவ்வளவு கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஃபைலை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். நோய் விவரமும் ஆதார் நகலும் அதில் இருக்கும். அனுமதி இல்லாமல் பரப்பக்கூடாத தகவல்கள் அவை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. பெயர், நம்பரை எல்லாம் விட்டுவிட்டு நீங்கள் எழுதிய அந்த ஒரு தாளை மட்டும் கையில் கொண்டுபோங்கள்.