ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: பரிமாற்ற மாணவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும்?

ஜெர்மனியில் ஒரு காகிதம் வாங்கப் போனால், அதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டிய இன்னொரு காகிதத்தைக் கேட்பார்கள். வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமல் முகவரிப் பதிவு நடக்காது. முகவரிப் பதிவு இல்லாமல் பல வங்கிகள் கணக்கு திறக்காது. கணக்கு இல்லாவிட்டால், விசாவுக்காக நீங்களே போட்டு வைத்த பணம்கூட உங்கள் கைக்கு வராது. ஒவ்வொரு வேலையும் தனியாகப் பார்த்தால் சுலபம்தான். வரிசை தப்பினால்தான் அலைச்சல். நான் ஒரு குளிர்கால செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவனாகப் போய் இரண்டு இடத்தில் வரிசையைத் தப்பவிட்டவன். அந்த இரண்டையும் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: தேதிகளைப் பாருங்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் பெரும்பாலும் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஆனால் வகுப்பு நடப்பது அந்த ஆறு மாதம் முழுக்க அல்ல. குளிர்காலத்தில் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வாக்கில் வகுப்புகள் முடிந்துவிடும். தேர்வுகள் அதற்குப் பிறகு. சில பாடங்களுக்கு மார்ச் வரைகூட இழுக்கும். பிப்ரவரியில் வகுப்பு முடிகிறதே என்று அடுத்த நாளுக்கே திரும்பும் டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு பணம் கட்டி மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா இடத்திலும் இதே நாள்காட்டி என்றும் நினைக்க வேண்டாம். மன்ஹைம் பல்கலைக்கழகத்தில் இலையுதிர்கால செமஸ்டர் செப்டம்பரிலேயே தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். செயல்முறைப் படிப்புக்கான உயர்கல்வி நிறுவனங்கள் பலவும் சீக்கிரமே தொடங்கிவிடும். உங்கள் பல்கலைக்கழகத்தின் தேதி எதுவோ அதை மட்டும் நம்புங்கள்.

படி 2: பாட ஒப்பந்தம்

அங்கே எந்தப் பாடங்களைப் படிக்கப் போகிறீர்கள், அவற்றை உங்கள் கல்லூரி எந்தப் பாடங்களுக்கு ஈடாக ஏற்கும் என்பதை எழுதி, நீங்களும் இரண்டு பல்கலைக்கழகங்களும் கையெழுத்துப் போடும் தாள்தான் லேர்னிங் அக்ரிமென்ட். முழு செமஸ்டர் என்றால் ஈசிடிஎஸ் எனப்படும் ஐரோப்பியப் பாட மதிப்பீட்டு முறையில் 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் நீங்களாகப் படிக்க வேண்டியது.

போன ஆண்டின் பாடப் பட்டியலை வைத்துத்தான் இந்தத் தாளை நிரப்புவீர்கள். போய்ப் பார்த்தால் ஒரு பாடம் இந்த செமஸ்டர் நடக்காது, இன்னொன்று ஜெர்மன் மொழியில் நடக்கும், இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதும். இது எல்லாருக்கும் நடப்பதுதான், பதற வேண்டாம். மாற்றுப் பாடங்கள் இரண்டு மூன்றை முன்கூட்டியே உங்கள் துறையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை மாற்றினால் ஒப்பந்தத்தையும் முதல் சில வாரங்களுக்குள் மாற்றிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் "சரி, பார்த்துக்கலாம்" என்று சொன்னதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

படி 3: பணம், விசா, காப்பீடு

பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவர்கள் அங்கே கல்விக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். அதிலும் பரிமாற்ற மாணவர்களுக்கு விலக்கு உண்டு. செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகையை மட்டும் கட்ட வேண்டியிருக்கும். மாணவர் நலக் கழகத்துக்கான பங்கும், பல இடங்களில் பேருந்து ரயில் பயணச்சீட்டும் அதில் அடக்கம்.

செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும். உதவித்தொகைக் கடிதம் இல்லாதவர்கள் ஸ்பெர்கோன்டோ எனப்படும் முடக்கக் கணக்கில் பணம் போடுவார்கள். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்று கணக்கு. விண்ணப்பிக்கும் நேரத்தில் தூதரகம் சொல்லும் தொகையை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் மொத்தமாக எடுக்க முடியாது. மாதாமாதம் ஒரு பங்குதான் உங்கள் சாதாரணக் கணக்குக்கு வரும். அதனால் முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் தனியாகப் பணம் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நீண்டகால விசா வாங்கித்தான் போக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசா கைக்கு வந்ததும் காலாவதித் தேதியைப் பாருங்கள். உங்கள் தங்கல் முழுவதும் அதற்குள் அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால், அது முடியும் முன்பே அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

காப்பீட்டில்தான் பலர் குழம்புவார்கள். பயணக் காப்பீடு வழிக்கும் முதல் சில நாட்களுக்கும். பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு, ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று உங்களைப் பற்றி மின்னணு முறையில் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். 30 வயதுக்குள் இருந்தால் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டை எடுத்துப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கினால், படிப்பு முடியும் வரை திரும்ப உள்ளே வர முடியாது. பின்னால் அங்கேயே முதுகலை படிக்கலாம் என்ற எண்ணம் இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

படி 4: அறை

அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். விசா வரட்டும் என்று காத்திருந்தால் அறை போய்விடும். விடுதிகளை நடத்துவது பெரும்பாலும் ஸ்டுடீரெண்டன்வெர்க் எனப்படும் மாணவர் நலக் கழகம். சில இடங்களில் பரிமாற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே தனியாக இடம் ஒதுக்கி வைத்திருக்கும். அந்தப் படிவம் எங்கே என்று சர்வதேச அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும்.

கிடைக்காவிட்டால் வே-கே. இரண்டு மூன்று பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு அறை வைத்திருப்பது. செமஸ்டருக்கு வெளியூர் போகும் மாணவர்கள் தங்கள் அறையைச் சில மாதம் உள்வாடகைக்கு விடுவார்கள், நமக்கு அது தோதானது. விளம்பரத்தில் 'குளிர் வாடகை' என்றிருந்தால் வெறும் அறை வாடகை. 'சூடான வாடகை' என்றால் வெப்பமூட்டும் செலவு, தண்ணீர் எல்லாம் சேர்த்து. மின்சாரம் அதிலும் சேராமல் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை.

"நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எவர் எழுதினாலும் அது மோசடி. படத்தில் வீடு எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

அறையைப் பிடிக்கும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்த முகவரியில் நான் பதிவு செய்யலாமா? அதற்கான கடிதம் தருவீர்களா?" தயங்கினால் அந்த அறை வேண்டாம். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 5: இறங்கிய முதல் இரண்டு வாரம்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உங்கள் முகவரியை நகராட்சிக் குடிமக்கள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். கடவுச்சீட்டு, படிவம், வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம், மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் செல்லாது. அந்த உறுதிக் கடிதம் தனி. பல ஊர்களில் அலுவலகத்துக்கு நேராகப் போய் நிற்க முடியாது, டெர்மீன் வாங்க வேண்டும். நேரம் குறித்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நீங்கள் அதிகம் கேட்கப்போகும் ஜெர்மன் சொல் இதுவாகத்தான் இருக்கும். பெரிய நகரங்களில் சீக்கிரம் கிடைக்காது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் நேரம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் தபால் பெட்டி. என் முதல் தப்பு இங்கேதான். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். வங்கி அட்டை ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் இன்னொரு உறையிலும் வரும். காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே காகிதத்தில்தான் வரும். எனக்கு மூன்று வாரம் ஒன்றுமே வரவில்லை. வங்கியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் என் பெட்டியைக் குனிந்து பார்த்தேன். எனக்கு முன் அந்த அறையில் இருந்தவரின் பெயர் ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒரு வெள்ளைத் தாளைச் செலோடேப்பால் ஒட்டி என் பெயரை எழுதினேன். அதுவும் பாதிதான் சரி. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அங்கே குடும்பப் பெயர்தான் ஆளின் பெயர், ஆகவே எல்லாக் கடிதமும் அப்பா பெயருக்குத்தான் வந்தது. என் பெயரை மட்டும் எழுதியதில் இன்னும் ஒரு கடிதம் திரும்பியது. கடவுச்சீட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் எழுதுங்கள். இனிஷியல் போடும் பழக்கத்தை அந்த ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். வங்கியிலும் காப்பீட்டிலும் பல்கலைக்கழகத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும்.

பதிவு முடிந்ததும் வங்கிக் கணக்கு திறந்து, அந்த எண்ணை முடக்கக் கணக்குக்காரர்களிடம் கொடுங்கள். கொஞ்ச நாளில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். "நான் டிவியே பார்ப்பதில்லை" என்றெல்லாம் சொல்ல முடியாது. வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாதம் 18.36 யூரோ. வே-கேயில் ஒருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு போய் இறங்குபவர்கள் இதை நினைவில் வைக்கவும். பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் குப்பையில் போடாதீர்கள். வாங்கும்போதே பெரும்பாலும் தலா 25 காசு, அதாவது சென்ட், வைப்புத்தொகையாக எடுத்திருப்பார்கள். கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும்.

படி 6: வகுப்பறையில்

அட்டவணையில் 10 சி.டி. என்றிருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும். எஸ்.டி. என்றிருந்தால் சரியாக 10. இவை லத்தீன் சுருக்கங்கள்; இந்தப் பழைய வழக்கம் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் திடுக்கிட்டுப் போவீர்கள். கைதட்டலுக்குப் பதில் அதுதான்.

விரிவுரைகளுக்குப் பொதுவாக வருகைப் பதிவு கிடையாது. அதைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. இடைத்தேர்வு எதுவும் இல்லாமல், பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணும் கடைசித் தேர்வு ஒன்றில்தான் அடங்கியிருக்கும். மதிப்பெண் தலைகீழ்: 1.0 என்றால் மிகச் சிறப்பு, 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி.

படி 7: தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, அந்தப் பாடத்தின் தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு.

என் இரண்டாவது தப்பு இங்கேதான். ஒரு பாடத்துக்கு நான் வாராவாரம் போனேன். பயிற்சித் தாள்களையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். தேர்வு நாளில் மாணவர் அட்டையை மேசை ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்காணிப்பாளர் பட்டியலோடு வந்தார். அவர் விரல் பெயர்களின் மேல் மெதுவாக இறங்கியது, மறுபடி மேலே போனது, மறுபடி இறங்கியது. அப்புறம் அட்டையை என்னிடமே தள்ளினார். கடைசித் தேதி ஐந்து வாரம் முன்பே முடிந்திருந்தது. பேராசிரியர் வருத்தப்பட்டார், ஆனால் அவர் கையிலும் ஒன்றும் இல்லை; தேர்வு அலுவலகம்தான் எல்லாம். மறுதேர்வு என் விசா முடிந்த பிறகு. ஆறு கிரெடிட் அப்படியே போனது.

அதனால் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் இதைக் கேட்டு எழுதி வையுங்கள்: தேர்வுப் பதிவு இணையதளத்திலா, பரிமாற்ற மாணவர்களுக்குத் தனிப் படிவமா? எந்தத் தேதிக்குள்? எப்போது வரை விலகலாம்? பதிவு செய்ததும் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் பெரும்பாலும் 5.0 விழும், உடம்பு சரியில்லை என்றால் உடனே மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும்.

படி 8: கிளம்பும் முன்

அறையைக் காலி செய்வதாக எழுத்தில் முன்னறிவிப்பு கொடுங்கள். சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் மூன்று மாதம். ஆகவே இதை வந்த கொஞ்ச நாளிலேயே யோசிக்க வேண்டியிருக்கும். குடியேறும் அன்று அறையின் கீறல், கறை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தால் இப்போது உதவும். நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்குங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். அந்தச் சான்றை வைத்துத்தான் ஒளிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடியும். பல்கலைக்கழகத்திலிருந்து முறையாக விலகி, அந்தத் தாளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் மாதக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மதிப்பெண் சான்று கையோடு கிடைக்காது. திருத்தி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதை யார், எந்த முகவரிக்கு அனுப்புவார்கள் என்று சர்வதேச அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். படித்த பாடங்களின் பாடத்திட்ட விளக்கத்தையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஈடு பார்க்கும்போது உங்கள் துறை கேட்கும்.

வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். முன்பணம் அதில்தான் வர வேண்டும். எனக்கு அது வந்தபோது நான் ஊர் திரும்பி நாலு மாதம் ஆகியிருந்தது.