மியூசியத்தில் துணி பார்க்கப் போவது எப்படி: ஈஸ்ட் ஹாம் தையல்காரி சொல்வது

என்னிடம் பிளவுஸ் தைக்க வரும் பெண்களிடம் மியூசியத்துக்குப் போங்கள் என்றால், "அதெல்லாம் படிச்சவங்க போற இடம்" என்பார்கள். சொல்லிக்கொண்டே மேசையில் கிடக்கும் பட்டை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, "இதுல பாலியஸ்டர் கலந்திருக்குக்கா" என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய படிப்பு என்ன வேண்டியிருக்கிறது? ஓவியத்தின் முன்னால் நின்றால் என்ன சொல்வது என்று தெரியாமல் போகலாம். துணியின் முன்னால் நமக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை. சின்ன வயதிலிருந்து ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, விரித்துப் போடச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த கண் இது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

லண்டனில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். 2025 மே 31இல் திறந்தார்கள். 2012 ஒலிம்பிக்ஸ் நடந்த பார்க்கிலேயே, ஹாக்னி விக் பக்கம் இருக்கிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு பஸ், அங்கிருந்து பார்க்குக்குள் நடை. நுழைவு இலவசம். பேருக்கு ஏற்ற மாதிரி அது ஒரு கிடங்குதான். இரண்டரை லட்சம் பொருள்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாற்காலியும் வாளும் கவுனும் பக்கத்துப் பக்கத்தில். பை, கோட்டு எல்லாம் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

சும்மா சுற்றிப் பார்க்கலாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இடத்தின் விசேஷம் வேறு. கிடங்கில் இருக்கும் பொருளை நீங்கள் கேட்டால் எடுத்து வந்து மேசையில் வைத்துக் காட்டுவார்கள். ஆராய்ச்சியாளர் என்ற கடிதமெல்லாம் வேண்டாம், காசும் வேண்டாம். மியூசியத்தின் இணையதளத்தில் பொருள்களைத் தேடும் பக்கம் இருக்கிறது. ஸ்டோர்ஹவுஸில் உள்ளதாக இருந்தால் ஆர்டர் செய்யும் வசதி அதிலேயே வரும். ஒரு தடவைக்கு ஐந்து பொருள் வரை கேட்கலாம், குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பதிவு செய்யவேண்டும். ரொம்ப நைந்து போனவற்றைத் தரமாட்டார்கள். அது நியாயம்தான்.

தேடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி காஞ்சிபுரம், திருச்சி, திருநெல்வேலி என்று மட்டும் அடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பழைய பதிவேட்டில் வெள்ளைக்காரர்கள் எழுதிய பெயர்கள் அப்படியே கிடக்கும். கான்ஜீவரம், டிரிச்சினாப்போலி, டின்னவெல்லி, டேஞ்சோர், மதுரா என்றும் போட்டுப் பாருங்கள். மெட்ராஸ், கோரமண்டல் கோஸ்ட் (நம் சோழமண்டலக் கரை) என்று போட்டால் இன்னும் நிறைய வரும். வருவதெல்லாம் ராணி கட்டிய பட்டாக இருக்காது. தலைப்பாகைத் துணி, கைக்குட்டைத் துணி, முந்தியில் ஒரு முழம் என்று வரும். அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். சாதாரண ஜனங்கள் கட்டியது நம் வீட்டில்கூட மிஞ்சுவதில்லை. கிழிந்தால் கரித்துணி, அப்புறம் தரை துடைக்க.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி, இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரித் துண்டுகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். அப்படி 20 செட். இந்தியாவில் யார் எதை உடுத்துகிறார்கள் என்று இங்கத்திய மில்காரர்கள் பார்த்து, அதே மாதிரி நெய்து நமக்கே விற்கவேண்டும் என்பதற்காக. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு முழுச் சேலையைத் துண்டு போடுவதை எந்தத் தையல்காரியாலும் பதறாமல் பார்க்க முடியாது.

சரி, என்ன கேட்பது? ஐந்து வரை தருகிறார்கள் என்பதற்காக ஐந்து கேட்காதீர்கள். இரண்டு போதும். ஒன்று உங்களுக்குத் தெரிந்த துணி, இன்னொன்று துளியும் சம்பந்தமில்லாதது. எனக்கு இந்த ஜோடி பிடிக்கும்: கோரமண்டல் கரையில் சாயமிட்டு ஐரோப்பாவில் வெட்டித் தைத்த 18ஆம் நூற்றாண்டு மேலாடை ஒன்று, அப்புறம் பாரிஸ் கவுன் ஒன்று. ஸ்டோர்ஹவுஸ் திறந்த புதிதில் ஜனங்கள் அதிகம் கேட்டது பாலன்சியாகா என்ற உடை வடிவமைப்பாளரின் 1954ஆம் வருஷத்து ரோஸ் நிறப் பட்டு கவுனைத்தான். அந்த மனுஷரைப் பற்றிச் சொன்னால் என் வாடிக்கையாளர்கள் நம்புவதில்லை. 1895இல் ஸ்பெயினில் கெட்டாரியா என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். அம்மா தையல்காரி. உள்நாட்டுப் போர் வந்ததும் 1937இல் பாரிஸ் போய் கடை போட்டார். தானே வெட்டித் தானே தைக்கத் தெரிந்தவர். ஊரை விட்டு வந்து அடுத்த நாட்டுக்காரிகளுக்கு அளவெடுத்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம்.

மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் குறிப்பைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். வெளிச்சம் குறைவாக இருந்தால் கண் பழக நேரம் கொடுங்கள். வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்பதால் துணி வைக்கும் இடங்களில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் கணக்கு) அளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம், நம் ஜவுளிக்கடை டியூப்லைட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது இருட்டு. தொடலாமா, கூடாதா என்பதை அங்கே இருப்பவர் சொல்வார், அவர் சொன்னபடி செய்யுங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: "உள்பக்கம் காட்ட முடியுமா?" அவர்களும் ஆசையாகத்தான் காட்டுவார்கள்.

உள்பக்கத்தில்தான் விஷயமே. தையல் ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் பிளவுஸில் பிரித்து விடுவதற்காக இரண்டு பக்கமும் விடுகிறோமே, அது அங்கேயும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் தையல் கூலி குறைவு, துணிதான் விலை. அதனால் ஒரு கவுனை அம்மா போட்டு, பிரித்துத் தைத்து, மகள் போட்டிருப்பாள். பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த இடத்தில் மட்டும் சாயம் புதுசு மாதிரி பளிச்சென்று இருக்கும். அந்த உடை முதல்நாள் எப்படி இருந்தது என்பதற்கு அந்த அரை விரல் அகலம்தான் சாட்சி. அக்குளுக்குக் கீழே பாருங்கள், ஒட்டுத்துணி இருக்கும். துணி பற்றாமல் துண்டு சேர்த்திருப்பார்கள், கெட்டிக்காரத் தையல்காரர் என்றால் பூவோடு பூ பொருத்தியிருப்பார். வேர்வைக் கறையும் அங்கேதான். எவ்வளவு பெரிய சீமாட்டியாக இருந்தாலும் அக்குள் ஒன்றுதான்.

பாரிஸ் கவுன் என்றால் இடுப்புக்குள் தைத்திருக்கும் நாடாவைத் தேடுங்கள். வெளியே துணி மிதக்கிற மாதிரி இருக்கும். உள்ளே அந்த நாடாதான் முழு எடையையும் இடுப்பில் கட்டி நிறுத்துகிறது. நாம் சேலைக்குப் பாவாடை நாடாவை இறுக்கி முடிவதும் அதே கணக்குதான்.

இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். வேறு ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். நான் மதுரைக்காரி. என் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணம். தனியாகப் போனால் எனக்கு எதைப் பார்த்தாலும் ஊர் ஞாபகம் வந்து, துணியைப் பார்க்காமல் ஊரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா பக்கத்தில் இருந்தால் அது நடக்காது. சாயத்துணி மேலாடையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "பிள்ளை, உந்த இலையெல்லாம் ஏன் நீலமாக் கிடக்கு?"

நல்ல கேள்வி. அந்தத் துணிகளில் சிவப்புக்குச் சாயவேரும் படிகாரமும், கறுப்புக்கு இரும்புக் கரைசல். நீலத்துக்கு, மற்ற இடமெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது, நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டுவார்கள். சிவப்பும் நீலமும் முந்நூறு வருஷம் தாங்கும். மஞ்சள் தாங்காது, வெளிச்சத்திலும் வெளுப்பிலும் போய்விடும். அதனால் பச்சையாக இருந்த இலையெல்லாம் இன்றைக்கு நீலம். நீங்கள் பார்க்கும்போது தையல் மடிப்புக்குள் தேடிப் பாருங்கள். வெயில் படாத ஒரு மூலையில் கொஞ்சம் பச்சை மிஞ்சியிருக்கலாம். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மஞ்சள் சீலையை வெயில்ல காயப்போடாதை எண்டு அம்மம்மா சொன்னது சரிதான்" என்றார்.

என்ன உடுத்திப் போவது என்றும் கேட்கிறார்கள். மியூசியத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எதை வேண்டுமானாலும் உடுத்தலாம். சேலைதான் கட்டுவேன் என்பவர்களுக்கு, நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் என் முறை இது. பாவாடைக்குக் கீழே தெர்மல் லெக்கிங்ஸ். பிளவுஸுக்குப் பதில் முழுக்கை வைத்த, கழுத்து மூடிய மெல்லிய கம்பளிச் சட்டை. பருத்திச் சேலைக்கு அது பார்க்கவும் அழகு. கணுக்கால் மூடும் பூட்ஸ். சேலையை இரண்டு விரல் உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கரை முழுக்க மழைத்தண்ணீர் ஏறிவிடும். முந்தியை மடித்துத் தோளில் குத்தி, மிச்சத்தை இடுப்பைச் சுற்றிச் செருகி, அதன்மேல் முழங்கால் வரை வரும் கோட்டு. எஸ்கலேட்டரில் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டுதான் நிற்கவேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். ஜார்ஜெட், சிந்தெடிக் எல்லாம் குளிர்காலத்தில் வேலைக்காகாது. ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் காலோடு ஒட்டிக்கொண்டு, தொட்டால் ஷாக் அடிக்கும். கஞ்சி போட்ட பருத்தியும் கோட்டுக்குள் நசுங்கிவிடும், கஞ்சி இல்லாமல் கட்டுங்கள். பட்டு, கம்பளி இரண்டும் சூடு காக்கும். ஆனால் பட்டுக் கட்டினால் கோட்டின் லைனிங் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முரட்டு லைனிங் ஜரிகையை இழுத்துவிடும்.

வாரநாளில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்பவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சவுத் கென்சிங்டனில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் தலைமை மியூசியத்துக்குப் போகலாம். அன்றைக்கு இரவு 10 மணி வரை திறந்திருக்கும், அதுவும் இலவசம்தான். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறவே வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து மியூசியம் பக்கம் போக நிலத்தடிப் பாதை இருப்பதால் மழையில் நனையவும் வேண்டாம். அங்கே பிரிட்டிஷ் கேலரிகளில் டேவிட் கேரிக் என்ற நாடக நடிகரின் கட்டிலைக் கேளுங்கள். அந்தக் கட்டிலுக்கென்று கல்கத்தா வியாபாரிகள் பரிசாக அனுப்பிய திரைத்துணி மசூலிப்பட்டினத்துச் சாய வேலை. அதைச் சுங்கத்தார் பறிமுதல் செய்துவிட்டார்கள். இங்கத்தியக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கூச்சல் போட்டதில், 1701இலிருந்தே நம் சாயத்துணியை இங்கே விற்கத் தடை. 1721இல் உடுத்தவே தடை. 1774இல் இங்கிலாந்திலேயே அச்சடித்த பருத்திக்கு விலக்குக் கொடுத்தார்கள், நம்முடையதற்கு இல்லை. கேரிக் 1775இல், மனைவி வருத்தப்படுகிறாள் என்று அரசாங்கத்தில் தெரிந்தவருக்குக் கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறார். இதைப் படித்ததும், அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாயை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த அம்மாள் சொந்தக்காரி ஆகிவிடுவாள்.

வேறு ஊரில் இருப்பவர்களும் விசாரித்துப் பாருங்கள். டொராண்டோக்காரர்களுக்கு ராயல் ஒன்டாரியோ மியூசியம் இருக்கிறது. கோரமண்டல் சாயத்துணியில் உலகத்திலேயே பெரிய சேகரிப்புகளில் ஒன்று அவர்களிடம்தான். காட்சிக்கு வைத்திருப்பது எப்போதும் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும். அதனால் போகும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டு, எதைப் பார்க்கவேண்டும், எதற்காக என்று இரண்டு வரி எழுதுங்கள். "நான் தையல் வேலை செய்கிறேன், உள்பக்கத் தையல் பார்க்கவேண்டும்" என்று எழுதினால் போதும். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.