முதல் எபிசோடை வைத்துத் தொடரை எடை போடாதீர்கள்

2006-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் என்பிசி சேனல் இரண்டு புதிய தொடர்களை இறக்கியது. இரண்டுக்கும் களம் ஒன்றுதான்: டிவியில் வரும் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி, அதன் திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்து. ஒன்று ‘ஸ்டூடியோ 60 ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்’. ‘த வெஸ்ட் விங்’ எழுதிய ஆரன் சார்கினின் படைப்பு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ புகழ் மேத்யூ பெர்ரி நடித்தது. மற்றொன்று டினா ஃபே உருவாக்கி நடித்த ‘30 ராக்’. முதலாவதன் தொடக்க எபிசோடு அசத்தல். இரண்டாவதன் தொடக்கம் சுமார். பந்தயம் கட்டியிருந்தால் நான் முதலாவதன் மேல்தான் கட்டியிருப்பேன். ‘ஸ்டூடியோ 60’ 22 எபிசோடோடு மூடுவிழா கண்டது. ‘30 ராக்’ 7 சீசன் ஓடி, சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை 2007, 2008, 2009 என்று மூன்று வருடம் தொடர்ந்து தட்டிச் சென்றது.

புதிய அமெரிக்கத் தொடர்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். தொடரைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை முதல் எபிசோடிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். அமெரிக்க டிவியில் இது செல்லாது. காரணம் எளிது: அந்த முதல் சோறு வேறு பானையில் வெந்தது. பைலட் என்று அவர்கள் சொல்லும் வெள்ளோட்ட எபிசோடு உங்களுக்காகவும் எனக்காகவும் எடுக்கப்படுவதில்லை. சேனல் அதிகாரிகளை மசிய வைப்பதற்காக எடுக்கப்படுவது. சேனல்களின் பழைய வழக்கப்படி வசந்த காலத்தில் பைலட்டை எடுத்து அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டுவார்கள். மே மாதம் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டி, தேறிய தொடர்களை அறிவிப்பார்கள். எழுத்தாளர் குழு முழுதாகச் சேர்வது அதற்கப்புறம்தான். பைலட்டை இயக்கியவர் பல சமயம் அதோடு கிளம்பிவிடுவார். காசும் அதில்தான் தண்ணீராக ஓடும். ‘லாஸ்ட்’ தொடரின் 2004 பைலட்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் செலவானதாகச் செய்திகள் வந்தன. அதற்கு அனுமதி கொடுத்த ஏபிசி அதிகாரி லாயிட் பிரான், தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே வேலையை இழந்தார். ‘லாஸ்ட்’ பெரிய வெற்றி பெற்றது வேறு கதை.

அதே ஏபிசி 2009-இல் ‘ஃப்ளாஷ்ஃபார்வர்டு’ தொடங்கியது. உலகத்தில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் 2 நிமிடம் 17 வினாடி மயங்கி விழுகிறார்கள். அந்த நேரத்தில் ஆறு மாதத்துக்குப் பின் தங்களுக்கு நடக்கப்போவதைக் காண்கிறார்கள். இந்த ஒரு வரியைக் கேட்டதும் யாருக்கும் உட்காரத் தோன்றும். தொடக்கத்தை 1.2 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். வாரம் போகப் போகக் கூட்டம் கரைந்தது, 22 எபிசோடில் கடையைக் கட்டினார்கள். கதையின் முதல் வரி எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள் என்பது என் பழக்கம். ‘எல்லோரும் மயங்கி விழுகிறார்கள்’ என்பது ஒரு சம்பவம். அது முடிந்ததும் அடுத்த வாரம் என்ன செய்வது?

பைலட்டுக்கும் தொடருக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1989-இல் வந்த ‘சைன்ஃபெல்டு’ பைலட்டில் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான இலேன் கிடையாது. அந்தக் கதாபாத்திரத்தை அப்புறம்தான் சேர்த்தார்கள். இலேன் இல்லாத ‘சைன்ஃபெல்டை’ வைத்து ஒருவர் அந்தத் தொடரை எடை போட்டிருந்தால் என்ன சொல்வது! ‘த பிக் பேங் தியரி’க்கும் முதலில் எடுத்த பைலட் ஒன்று உண்டு. அது ஒளிபரப்பாகவே இல்லை. அதில் தொடரின் நாயகி பென்னியும் இல்லை, குணால் நய்யார் நடித்த ராஜும் இல்லை. சிபிஎஸ் சேனல் இரண்டாவது வாய்ப்புக் கொடுத்ததால்தான் நமக்குத் தெரிந்த தொடர் 2007-இல் வந்தது.

நகைச்சுவைத் தொடர்களில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகும். சிரிப்பு வருவது வசனத்தால் மட்டுமில்லை. அந்த ஆளை நமக்குத் தெரியும், இப்படித்தான் செய்வான் என்று தெரியும், அவன் அப்படியே செய்யும்போது சிரிக்கிறோம். அந்தப் பழக்கம் ஏற்பட நமக்கும் நேரம் வேண்டும், எழுதுகிறவர்களுக்கும் நேரம் வேண்டும். ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ 2009-இல் 6 எபிசோடு கொண்ட முதல் சீசனோடு வந்தபோது நான் இரண்டாவதிலேயே நிறுத்திவிட்டேன். லெஸ்லி நோப் என்ற அந்த நகராட்சி ஊழியை ஒரு அசடாகத்தான் தெரிந்தார். இரண்டாவது சீசனில் அவரை உருப்படியான, வேலையில் கெட்டிக்காரியாக மாற்றி எழுதினார்கள், தொடரே வேறாகிவிட்டது. எனக்கு அது தெரிய வந்தபோது ஐந்து வருடம் ஓடியிருந்தது. அமெரிக்க ‘த ஆஃபீஸ்’ கதையும் இதேதான். 2005-இல் வந்த அதன் பைலட் பிரிட்டிஷ் மூலத்தின் ஏறக்குறைய நகல். சொந்தக் குரல் கிடைத்தது அப்புறம்தான்.

சரி, எத்தனை எபிசோடு பார்க்க வேண்டும்? சேனல்களில் வரும் தொடர் என்றால் நான்கு. இரண்டாவது எபிசோடு பெரும்பாலும் முதலாவதைத் திருப்பிச் சொல்லும். போன வாரம் தவறவிட்டவர்கள் வந்து சேர வேண்டுமே. மூன்றாவதில் எழுத்தாளர்கள் மூச்சு விடுகிறார்கள். இனி இவர்கள் வாராவாரம் என்ன செய்யப் போகிறார்கள் என்பது நான்காவதில் தெரிந்துவிடும். 22 நிமிட நகைச்சுவை என்றால் நான்கும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான். ஒரு சுமாரான படத்துக்கு இதைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறோம்.

இதிலேயே இன்னொரு தவறு, முதல் எபிசோடைக்கூட முடிக்காமல் அரை மணியில் எழுந்து போவது. 2024-இல் சிபிஎஸ் ‘மேட்லாக்’ என்ற பெயரில் ஒரு வக்கீல் தொடர் ஆரம்பித்தபோது பலரும் ‘பழைய சரக்கு’ என்று ஒதுக்கினார்கள். 1986 முதல் 1995 வரை அதே பெயரில் ஆண்டி கிரிஃபித் நடித்த தொடர் ஒன்று உண்டு. கேத்தி பேட்ஸ் நடித்த புதியதை முதல் எபிசோடின் கடைசிச் சில நிமிடங்கள் வரை பார்த்தவர்களுக்கு இது அந்த மேட்லாக் இல்லை என்று புரிந்திருக்கும். ஏன் என்று சொன்னால் பாவம் சேரும். 2025 ஜனவரியில் வந்த, ஸ்டெர்லிங் கே. பிரவுன் நடித்த ‘பாரடைஸ்’ தொடரும் அப்படித்தான். அதைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் போய் உட்காருங்கள். டிரெய்லர் பார்ப்பதையும் தவிர்க்கலாம்.

ஓடிடி தொடர்களுக்கு இந்த நான்கு எபிசோடு கணக்கு பொருந்தாது. அங்கே பலவற்றுக்குப் பைலட்டே கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடருக்குப் பைலட் பார்க்காமலே இரண்டு சீசன், 26 எபிசோடுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2013-இல் அது வெளிவந்த பிறகு மற்றவர்களில் பலருக்கும் அதுவே வழக்கமானது. இங்கே நோய் வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு மணி நேரக் கதையை எட்டுக்கு, பத்துக்கு இழுப்பார்கள். தொடக்கம் நன்றாக இருக்கும், முடிவும் நன்றாக இருக்கும். நான்காவதும் ஐந்தாவதும்தான் ஜவ்வு. ஆகவே ஓடிடியில் இரண்டு பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் நடுவில் சலிப்புத் தட்டினால் அதைத் தொடரின் தோல்வி என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விட்டுப் பார்த்தால் பல சமயம் சரியாகிவிடும். ஒரே ராத்திரியில் எட்டையும் விழுங்குகிறவர்களுக்குத்தான் அந்த ஜவ்வு அதிகமாக ஒட்டும்.

விழுக்காட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 என்று இருந்தால் நூற்றுக்கு 95 மதிப்பெண் என்று நினைக்கிறோம். அது மதிப்பெண் இல்லை. எத்தனை விமர்சகர்கள் ‘பரவாயில்லை’ என்ற கோட்டைத் தாண்டினார்கள் என்ற கணக்கு. எல்லோரும் ஐந்துக்கு மூன்று கொடுத்தால் 100 விழுக்காடு வரும். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து, பாதிப் பேர் தூக்கி எறிந்தால் 50. எனக்கு அந்த 50-இல் தான் ருசி அதிகம். மேலும் ஒரு விஷயம்: விமர்சகர்களுக்கு முன்கூட்டி அனுப்பப்படுவது பல சமயம் முதல் சில எபிசோடுகள் மட்டுமே. பைலட்டின் பளபளப்பில் அவர்களும் நம்மைப் போலவே மயங்கலாம். 2025 நவம்பரில் வந்த ‘ஆல்ஸ் ஃபேர்’ தொடக்கத்தில் அந்தத் தளத்தில் 0 வாங்கியது. பார்க்கக் கூட்டம் குறையவில்லை, இரண்டாவது சீசனுக்கும் ஒப்புதல் கிடைத்தது. பார்த்தேன். அந்த 0 நியாயம்தான். ஆனால் கேலி செய்துகொண்டே பார்ப்பது ஒரு தனிச் சுகம் என்பதை எந்த விழுக்காடும் சொல்லாது.

போஸ்டரில் உள்ள முகத்தைப் பார்க்காதே, எழுதியது யார் என்று பார் என்பார்கள். நல்ல யோசனைதான். அமெரிக்கத் தொடர்களில் குடுமி ‘ஷோரன்னர்’ எனப்படும் தலைமை எழுத்தாளர் கையில் இருக்கிறது. திரையில் அந்தப் பெயரில் பதவி வராது; ‘எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர்’ பட்டியலில் ஒருவராக இருப்பார். அதே பட்டியலில் பெயரை மட்டும் கொடுத்த நட்சத்திரமும் இருப்பார். ‘உருவாக்கியவர்’ என்ற வரியைத் தேடுங்கள். ஆனால் இந்த யோசனையும் வேதவாக்கு இல்லை. 2016-இல் எச்பிஓவில் வந்த ‘வைனல்’ தொடரை உருவாக்கியவர்களில் மார்ட்டின் ஸ்கார்செசி, மிக் ஜாகர், ‘போர்டுவாக் எம்பயர்’ எழுதிய டெரன்ஸ் வின்டர் எல்லோரும் இருந்தார்கள். பைலட்டை இயக்கியதும் ஸ்கார்செசியே. ஒரே சீசனில் முடிந்தது. சார்கின் கதையை மேலேயே பார்த்தோம்.

நம்மூர்ப் பெயர் இருக்கிறதே என்று போய் உட்காருவதும் அப்படித்தான். 2010-இல் என்பிசி மும்பை கால்சென்டரை வைத்து ‘அவுட்சோர்ஸ்டு’ எடுத்தது. ஒரு சீசனோடு போயிற்று. 2020-இல் தொடங்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ நிலைத்து நின்றதற்குக் காரணம் தேவி என்ற தமிழ்க் குடும்பத்துப் பெண்ணின் துக்கமும் கோபமும் உண்மையாக எழுதப்பட்டிருந்ததும், மைத்ரேயி ராமகிருஷ்ணனின் நடிப்பும்.

செப்டம்பரில் வருவதுதான் புதிய சீசன் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். கோடை விடுமுறை முடிந்து செப்டம்பர் கடைசியில் தொடங்கி மே வரை ஓடுவது சேனல்களின் பழைய கணக்கு. ஜனவரியிலும் மார்ச்சிலும் வருபவை இடத்தை நிரப்ப வந்தவை என்று ஒரு காலத்தில் இளப்பமாகப் பார்ப்பார்கள். ‘கிரேஸ் அனாடமி’ 2005 மார்ச்சில் அப்படி வந்ததுதான். ‘பிரேக்கிங் பேட்’ 2008 ஜனவரியில் வந்தது. ‘அபட் எலிமென்டரி’ 2021 டிசம்பரில். 2025 ஜனவரியில் வந்த ‘த பிட்’ அந்த வருடம் சிறந்த டிராமா தொடருக்கான எம்மியை வாங்கியது. பிட்ஸ்பர்க் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் ஒரே நாள். ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரம் என்று 15 எபிசோடு. சரியாக ஒரு வருடத்தில், 2026 ஜனவரியில், அடுத்த சீசனும் வந்துவிட்டது. ‘செவரன்ஸ்’ இரண்டாவது சீசனுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

‘பாதியில் நிறுத்திவிடுவார்கள், முடிந்ததும் பார்க்கிறேன்’ என்பவர்களுக்கு ஒரே ஒரு பதில்: ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’. 18 எபிசோடோடு நின்ற அதைப் பார்த்துவிட்டு யாரும் வருத்தப்பட்டதில்லை. நிறுத்தப்பட்ட தொடர்களில் ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் உண்டு. ‘ஃபயர்ஃப்ளை’யை 2002-இல் ஃபாக்ஸ் முன்னும் பின்னுமாக ஒளிபரப்பியது, பைலட்டையே கடைசியில் போட்டது. இப்போது பார்ப்பதானால் ஒளிபரப்பிய தேதி வரிசையில் போகாமல், உருவாக்கியவர்கள் நினைத்திருந்த வரிசையில் பாருங்கள்.

2025-26 சீசனில் என் பட்டியல் சின்னது. சிபிஎஸ்ஸின் ‘பாஸ்டன் புளூ’, ‘ஷெரிஃப் கன்ட்ரி’ இரண்டும் பழைய தொடர்களின் கிளைகள். மூலத்தைப் பார்த்திராதவர்கள் தாண்டிப் போகலாம். எச்பிஓவின் ‘டாஸ்க்’ கட்டாயம் பாருங்கள். ‘மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்’ எழுதிய பிராட் இங்கல்ஸ்பி மறுபடியும் பிலடெல்பியாவின் புறநகருக்கே போயிருக்கிறார். மார்க் ரஃபலோ ஒரு காலத்தில் பாதிரியாராக இருந்த எஃப்பிஐ அதிகாரி. டாம் பெல்ஃப்ரி குப்பை அள்ளும் வேலையில் இருந்துகொண்டே போதைப்பொருள் கும்பலின் வீடுகளில் கொள்ளையடிப்பவர். 7 எபிசோடுதான். எஃப்எக்ஸின் ‘த லோடவுன்’ இன்னும் இலேசானது. டல்சா நகரத்தில் பழைய புத்தகக் கடை வைத்துக்கொண்டு ஊரின் ஊழலைத் தோண்டும் எழுத்தாளராக ஈதன் ஹாக், வாரத்துக்கு ஒரு முறையாவது உதை வாங்குகிறார்.

ஆப்பிளின் ‘புளூரிபஸ்’ என் முதல் தேர்வு. ‘பிரேக்கிங் பேட்’ உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், அதே அல்புகர்க்கி, ‘பெட்டர் கால் சால்’ நாயகி ரேயா சீஹார்ன். மேலே நான் சொன்ன எல்லாவற்றையும் இது மீறுகிறது: கதையின் முதல் வரி கவர்ச்சியானது, பெயர்கள் பெரியவை, முதல் எபிசோடு பிரமாதம். என்ன செய்வது! அதன் பிறகு வேகம் குறையும், அங்கே விட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும், இரவுச் சமையல் வேலையோடு இதைப் பார்க்க முயலாதீர்கள். நிமிடக்கணக்கில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். காதை மட்டும் டிவிக்குக் கொடுத்துவிட்டு வெங்காயம் நறுக்கினால், கண்ணீர் மட்டும்தான் மிச்சம்.