புள்ளிக் கட்டத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள்

பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஸ்கோர் மேசையில் உட்கார்கிறேன். நாங்கள் நிரப்பும் தாளில் புள்ளிக்கும் ஃபவுலுக்கும்தான் இடம். அதனால் எந்த ஆட்டக்காரரையும் அந்த இரண்டை வைத்தே எடைபோட்டு வந்தேன். அந்தப் பழக்கத்தை விடவைத்தவர் ரஷ்யாவின் ஆந்திரேய் கிரிலென்கோ. அவரைப் புரிந்துகொள்ள நான் பின்பற்றிய வழி இது.

முதலில் 2006 ஜனவரி 3 அன்று லேக்கர்ஸ் அணிக்கு எதிராக யூட்டா ஜாஸ் என்ற அமெரிக்க அணிக்காக அவர் ஆடிய ஆட்டத்தின் புள்ளிவிவரத்தை எடுங்கள். புள்ளிக் கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்: 8 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 9 அசிஸ்ட் (கூடை போடுபவருக்குப் பந்தைக் கொடுப்பது), 6 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), 7 பிளாக் (கூடைக்கு எறியும் பந்தைத் தடுப்பது). இப்போது விரலை எடுங்கள். 14 புள்ளி. நானாக இருந்தால் '14' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பேன்! ஐந்து கட்டத்திலும் ஐந்துக்குக் குறையாமல் எடுப்பது மிக அரிது. அவர் அதை மூன்று முறை செய்தார். அதில் இரண்டு, 2003 டிசம்பரில் ஒரு வார இடைவெளியில்.

அடுத்து வீடியோ. பந்தைப் பார்க்காதீர்கள், 47ஆம் எண்ணைத் தேடுங்கள். (பிறந்தது இஷெவ்ஸ்க், ஏகே-47 துப்பாக்கி தயாரான ஊர். எண்ணுக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.) பந்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வேலையில்லாதவர்போல் நிற்பார். எதிரணிக்காரர் தன்னைக் காப்பவரைத் தாண்டிக் கூடைக்கு எழும்புவார். பின்னாலிருந்து ஒரு நீண்ட கை வந்து பந்தைத் தட்டிவிடும். அங்கே நிறுத்தி, நான்கு விநாடி பின்னே போங்கள். இந்தமுறை கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். எதிரி எழும்புவதற்கு முன்பே அவர் கிளம்பியிருப்பார். 206 சென்டிமீட்டர் உயரம் மட்டும் இதைத் தராது.

வருடங்களைப் படிக்கும்போது ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைத் தவறவிடாதீர்கள். 2004-05இல் ஆட்டத்துக்கு 3.3 பிளாக்குடன் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் முதலிடம் பிடித்தார். ஆனால் காயத்தால் ஆடியது 41 ஆட்டம்தான். மின்னசோட்டா, புரூக்ளின் அணிகளில் ஆடிய காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 2012இல் நில்லுங்கள்: ரஷ்யாவின் சிஎஸ்கேஏ மாஸ்கோ அணிக்கு ஆடி, ஐரோப்பிய கிளப்புகளின் போட்டியான யூரோலீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், இறுதிப்போட்டியில் கிரீஸின் ஒலிம்பியாகோஸ் அணியிடம் 62-61 என்று தோற்றார், அதே கோடையில் லண்டனில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார்.

மாட்ரிட்டில் 2007இல் நடந்த ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியைக் கடைசியாக வையுங்கள். ஸ்பெயினை ரஷ்யா 60-59 என்று வென்றது. வெற்றிக் கூடையைப் போட்டவர் ரஷ்ய அணியின் ஹோல்டன். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிரிலென்கோவுக்கு.

இப்போதெல்லாம் தாளின் பின்பக்கத்தில் ஸ்டீலுக்கும் பிளாக்குக்கும் பென்சிலால் கோடு போடுகிறேன். போன மாதம் ஒரு சிறுமிக்கு ஒன்பது கோடு விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் அவளுடைய பயிற்சியாளரிடம் காட்டினேன். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இரண்டு புள்ளிதானே சார்?" என்றார்.