டெல்லி வெயிலில் 400 யூனிட்டுக்குள் நிற்பது எப்படி?

ஊரிலிருந்து டெல்லிக்குப் புதிதாக வந்து முனிர்காவிலோ மயூர் விஹாரிலோ வாடகைக்கு வீடு பிடித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதாமாதம் பில். மானியத்துக்கு விண்ணப்பித்த வீடாக இருந்தால் 200 யூனிட் வரை ஒரு பைசா கிடையாது. 201 முதல் 400 வரை பாதித் தள்ளுபடி, அதுவும் 800 ரூபாய்க்குள். 401 ஆனதும் அந்த மானியம் முழுசாகப் போய்விடும். மே, ஜூனில் பல வீடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

படி 1: மீட்டரைப் பாருங்கள்
பில்லில் மானியம் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 2022 அக்டோபரிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கிறது. பிறகு ஞாயிறுதோறும் மீட்டர் ரீடிங்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதம் 400 என்றால் நாளுக்குச் சுமார் 13 யூனிட். வாரத்துக்கு 90ஐத் தாண்டினால் உடனே கையைச் சுருக்க வேண்டும்.

படி 2: ஜூன் வரை கூலர்
சென்னைப் புழுக்கத்தில் பழகியவர்களுக்குக் கூலர் மேல் நம்பிக்கை வராது. ஆனால் இங்கே மே மாதம் அடிக்கும் 'லூ' என்கிற அனல்காற்றில் ஈரப்பசையே இருக்காது. அந்த வறண்ட காற்றுதான் கூலருக்குத் தேவை. ஏறக்குறைய 200 வாட்டில் அறை குளிர்ந்துவிடும்.

முக்கியமான விஷயம்: கூலரை ஜன்னலுக்கு வெளியே வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையோ கதவையோ கொஞ்சம் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டால் ஈரக்காற்று உள்ளேயே தங்கி உடம்பு பிசுபிசுக்கும். வெட்டிவேர் தட்டி போட்டால் மணமும் சேர்ந்து வரும், அந்தச் சுகத்தை அனுபவித்துத்தான் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் காயவிடுங்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

படி 3: ஏசியைக் கணக்காக
மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கூலர் உதவாது. ஒன்றரை டன் பழைய ஏசி ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட். கம்ப்ரஸர் நிற்காமல் எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். அன்றைய பங்கு கிட்டத்தட்ட அதோடு தீர்ந்தது. 26 டிகிரியில் வைத்து, கூடவே சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. விடியற்காலை அணைந்துவிடும்படி டைமர் போடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், டெல்லிப் புழுதி அவ்வளவு.

படி 4: ஃபேன்
பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 30 வாட் சுற்றி போதும். வாடகை வீடாக இருந்தாலும் வாங்குங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

படி 5: கீசர்
ஏப்ரலிலேயே அதன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் பகல் தண்ணீர் கை வைக்க முடியாதபடி சுடும். காலைக் குளியலுக்கு வேண்டியதை முந்தின இரவே வாளியில் பிடித்து வைத்தால் ஆறியிருக்கும்.