மண்டனரைப் படிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள்

போன வாரம் ஒரு மாணவி வரைபடம் ஒன்று அனுப்பியிருந்தார். ராஜஸ்தானின் மேவார் பகுதிக் கோயில் ஒன்றின் குறுக்குவெட்டு. பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பத்து வருடங்களுக்கு முன் நான் வரைந்த அதே தப்புப் படம்.

மண்டனர் 15ஆம் நூற்றாண்டில் மேவாரை ஆண்ட ராணா கும்பாவின் அரசவைச் சிற்பி. கும்பல்கர் கோட்டையை வகுத்தவர் என்று சொல்லப்படுபவர். பிராசாத மண்டனம், ராஜவல்லபம், ரூப மண்டனம் என்று சமஸ்கிருதத்தில் கட்டடக்கலை, சிற்ப நூல்களை வரிசையாக எழுதினார். சுலோக எண் மாறுவது, பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். போகப்போகத் தானே சரியாகிவிடும்.

சிகரம் என்பது எது?

இதில்தான் நான் காசைத் தொலைத்தேன். தெற்கத்திய விமானத்துக்கு அடியிலிருந்து ஆறு அங்கங்கள்: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. இதில் சிகரம் என்பது கிரீவம் என்னும் கழுத்துக்கு மேல் உட்காரும் தலை மட்டும். தெற்கத்திய கட்டடக்கலை நூலான மயமதத்தில் பழகிய நான், பிராசாத மண்டனத்தில் அதே சொல்லைப் பார்த்ததும் ‘தெரிந்ததுதானே’ என்று தாண்டிப் போனேன். மண்டனரின் சிகரமோ, சுவர் முடிகிற இடத்திலிருந்து எழும் மேல்கட்டு முழுவதும்.

சுவருக்கு மேல் இரண்டு தளம், ஒரு கிரீவம் நானாகச் சேர்த்தேன். அதற்கும் மேல், முழுச் சிகரத்துக்குச் சொன்ன உயரத்தைத் தலைக்குக் கொடுத்தேன். மேவாரிலும் இல்லாத, தஞ்சாவூரிலும் இல்லாத ஒரு தலைவீங்கிக் கோயில்! அந்தப் படத்தோடு என் சிறுநூல் அச்சாகி வந்தபின் ஒரு முதிய ஸ்தபதி, “தம்பி, இதுக்குத் தொப்பி யாரு போட்டது?” என்றார். மறு அச்சு என் செலவு.

மண்டனர் கீழிருந்து மேலே போகிறார்: ஜகதி என்னும் மேடை, பீடம், மண்டோவரம் என்னும் சுவர், அப்புறம் நேரே சிகரம். அதன் மேல் சாய்ந்து நிற்கும் சிறு சிகரங்கள் உருசிருங்கங்கள். உச்சியில் நெல்லிக்காய்போல் வரிவரியாக ஆமலசாரம், அதற்கு மேல் கலசம். ஒரு தலையில் இத்தனையும் எப்படி ஒட்டும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கலசத்திலும் ஒரு கண்ணி உண்டு. சுவரின் அடியில் வரும் வர்க்கங்களிலும் (படிவரிசை அலங்காரப் பட்டைகள்) கும்பம், கலசம் என்ற பெயர்கள் வரும். அவற்றைத் தூக்கி உச்சியில் வைத்துவிடாதீர்கள்.

பிரசாதம்

பிராசாதம் கோயில். பிரசாதம் சுண்டல்.

சூத்திரதாரர்

மண்டனரின் பட்டம் இது. சூத்திரம் இங்கே அளவு நூல்; அதைப் பிடிப்பவர் தலைமைச் சிற்பி. செய்தித்தாள் ‘சூத்திரதாரி’யை நினைத்துக்கொண்டு, மண்டனரை அரண்மனைச் சதிகாரராக்கி ஒருவர் கட்டுரையே எழுதி வந்தார்.

வெற்றித் தூண்

மேவாரின் சித்தூர்க் கோட்டையில் (ஆந்திரச் சித்தூர் அல்ல) நிற்கும் ஒன்பது மாடித் தூணும் கும்பா காலத்ததுதான். ஆனால் அங்குள்ள கல்வெட்டு சிற்பி ஜைதாவையும் அவர் மகன்களையும் சொல்கிறது. மண்டனரை அல்ல.

முழம்

24 அங்குலம் ஒரு முழம். சரி, அந்த அங்குலம் எட்டு வாற்கோதுமை மணி அகலம். நம் ஸ்கேலில் இருப்பது அல்ல. மயமதம் 25, 26, 27 அங்குல முழங்களையும் தனித்தனிப் பெயரோடு தருகிறது. மாணவியின் படத்தில் முழம் சரியாக இரண்டு அடியாக நின்றது. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.